தும்பி சொல்லிக்கொண்டேதான் இருந்தான்

என் மேலுதட்டுக்குச் சற்று மேலே நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. நாய் கடித்தது என்று சொன்னால், "தெரு நாயா?" என்று கேட்பார்கள். இல்லை, என் நாய்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது கடித்தான். இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். "கட்டிப்பிடிச்சதுக்கா கடிச்சான்?" நானும் அதே கேள்வியோடு ஐந்து மாதம் அலைந்தேன். அந்த ஐந்து மாதத்தில் 11 நாள் விடுப்பு போனது, நெருக்கடிக்கென்று ஒதுக்கிவைத்திருந்த சேமிப்பில் பெரும்பகுதி போனது, தூக்கம் போனது. என் நாயைப் பார்த்து நானே பயந்து, படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்த இரவுகளும் உண்டு. முன்னாலேயே யாராவது ஒருவர் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

தும்பி என்னிடம் வந்தபோது அவனுக்கு மூன்று வயது. வேறொரு வீட்டில் வளர்ந்தவன். அவர்களால் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தனியாக இருக்கிறவள் நான், வேலை முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. பாவம், வீடு மாறி வந்திருக்கிறான், அன்பு காட்டினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அன்பு காட்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கதவைத் திறந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் கழுத்தைச் சுற்றி வளைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்திக் கொஞ்சுவேன். தலையில் முத்தம். முகத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கண்ணுக்குள் பார்த்து, "யாரு செல்லம், யாரு தங்கம்?" இது தினமும் ஐந்து நிமிடமாவது நடக்கும். அவன் அசையாமல் நிற்பான். எவ்வளவு சமர்த்து என்று பூரித்துப்போவேன்.

கடிபடுவதற்கு இரண்டு வாரம் முன்பு எடுத்த செல்ஃபி ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. அன்றைக்கு அதைப் பார்த்த எல்லோரும் "சோ க்யூட்" என்றார்கள். என் கை அவன் கழுத்தைச் சுற்றியிருக்கிறது, நான் பல் தெரியச் சிரிக்கிறேன். இப்போது என்னை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்க்கிறேன். வாய் இறுக மூடியிருக்கிறது. நாக்கு நுனி மட்டும் மூக்கின் அடியில் கொஞ்சமாகத் தெரிகிறது. காதுகள் பின்னால் போய் மண்டையோடு ஒட்டியிருக்கின்றன. முகத்தை என்னிடமிருந்து விலக்கித் திருப்பியிருக்கிறான், கண் மட்டும் ஓரமாக என் பக்கம் இருக்கிறது. அதன் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால், முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியிருக்கிறது. அந்தப் படத்தை நான் போன் முகப்பில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஒரு முறைகூட அவனைப் பார்க்கவில்லை.

படத்தில் இருப்பதெல்லாம் அதற்கு முன்பே வீட்டில் தினமும் நடந்துகொண்டிருந்ததுதான். கட்டிப்பிடித்தால் கொட்டாவி விடுவான். தூக்கம் வருது போல என்று நினைப்பேன். உதட்டை நக்குவான், பசி என்று நினைப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வெட்கப்படுகிறான் என்று சிரிப்பேன். கையை எடுத்ததும் மழையில் நனைந்தவன் மாதிரி தலையிலிருந்து வால் வரை உடம்பை உதறுவான். அதைக் குஷி என்று எடுத்துக்கொண்டேன். என் கையையும் முகத்தையும் வேகவேகமாக நக்கிவிட்டு நகர்ந்து போவான்; அது முத்தம்தான், சந்தேகமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது, எல்லா விளக்கத்திலும் அவனுக்கு என்னைப் பிடித்திருந்தது.

மூன்றாவது மாதத்தில், நான் வீட்டுக்கு வந்ததும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நாள் முழுக்க இவனை நினைத்துக்கொண்டு வருகிறேன், இவன் ஒளிந்துகொள்கிறானே! அன்பு போதவில்லை போல என்று முடிவுசெய்து, மேசைக்கு அடியில் நுழைந்து அங்கேயும் போய்க் கட்டிக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்படி ஒரு நாள்தான் முதன்முதலாக உறுமினான். தொண்டைக்குள்ளேயே, சன்னமாக. "என்கிட்டயேவா உறுமுற?" என்று அதட்டினேன். தெரிந்தவர் ஒருவரும், ஆரம்பத்திலேயே கண்டிக்காவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்று சொல்லியிருந்தார். அடுத்தடுத்த நாள்களில் உறுமினபோதெல்லாம் மூக்கில் லேசாகத் தட்டி அதட்டினேன். ஒரே வாரத்தில் உறுமலை நிறுத்திவிட்டான். பழக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

நான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான், கட்டிப்பிடித்ததைவிட மோசம். குக்கர் வெயிட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசில் சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுவது மாதிரி. உறுமல் என்பது கடிக்க விருப்பம் இல்லாத நாய் கடிக்காமல் இருப்பதற்காகச் செய்கிற கடைசி முயற்சிகளில் ஒன்று. அதற்குத் தண்டனை கிடைத்தால் நாய்க்குப் பயம் போகாது. எச்சரிக்கை மட்டும்தான் போகும். உங்கள் நாய் உறுமினால் அந்த நிமிடமே செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு விலகுங்கள். விட்டுக்கொடுத்தால் அதற்குத் திமிர் வந்துவிடும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எதற்காக உறுமினது என்பதை அப்புறம் ஆற அமர யோசிக்கலாம், அதற்கு நேரம் இருக்கிறது.

கடிபட்ட அன்று அலுவலகத்தில் மோசமான நாள். இரவு பதினொரு மணி இருக்கும். தும்பி அவன் மெத்தையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. போய் அவன் மேல் குனிந்து, அப்படியே கட்டிக்கொண்டு முகத்தை அவன் முகத்தருகே கொண்டுபோனேன். அவன் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூச்சுகூட நின்ற மாதிரி இருந்தது. என் துக்கம் இவனுக்குப் புரிகிறது, அதனால்தான் அசையாமல் இருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த கணம் 'டப்' என்று ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது. முதலில் வாய்க்குள் இரும்பு மாதிரி ஒரு ருசி, அப்புறம் நைட்டி முன்பக்கம் முழுக்க ரத்தம். ஒரே ஒரு கடி. கடித்துவிட்டு அறையின் மூலைக்கு ஓடி, சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்கினான்.

இங்கே ஒரு தப்பு செய்தேன், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சை வைத்து அழுத்தினேன், ஐஸ் வைத்தேன், கண்ணாடியில் பார்த்து அழுதேன். காயத்தைக் கழுவவில்லை. மருத்துவமனையில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? ரேபிஸ் உள்ள ஊர்களில் நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. என் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன் என்று நானே முடிவுசெய்து வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது. அதை முடிவுசெய்ய வேண்டியது மருத்துவர். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம், அதுவும் முகத்தில் என்பதால், ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றிலும் ஊசியால் செலுத்தினார்கள். உதட்டருகே அந்த ஊசி என்ன வலி வலிக்கும் என்பதை விவரிக்கப்போவதில்லை. அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான் தளர்வாகத் தையல் போட்டார்கள். தடுப்பூசி ஒரே தவணையில் முடியாது, குறித்துக்கொடுத்த நாள்களில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கவும் சொன்னார்கள்.

ஊசியைவிட அந்தப் 10 நாள்தான் கொடுமையாக இருந்தது. அம்மா போனில், "முகத்தைக் கொண்டுபோய் நாய்கிட்ட வெப்பாளா ஒருத்தி? முதல்ல அதை எங்கயாவது விட்டுட்டு வா" என்றாள். அக்கா ஒன்றுமே சொல்லாமல் அழுதாள். அலுவலகத்தில் ஒருவர், ஒரு தடவை ரத்த ருசி கண்ட நாய் விடாது என்றார். நாய்களைப் பற்றிச் சொல்லப்படும் முழுப் பொய்களில் அதுவும் ஒன்று, ஆனால் அன்றைக்கு நம்பினேன். தும்பியோ மறுநாள் காலையில் காதைத் தாழ்த்திக்கொண்டு, தரையோடு தரையாக ஊர்ந்து என் காலடிக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்து உருகிப்போய் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன்! சட்டென்று பின்வாங்கினான். நல்லவேளை.

மன்னிப்புக் கேட்கிற அந்த முகத்தைப் பற்றி அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் ஒரு சோதனை வெளியிட்டிருக்கிறார். நாய் உண்மையிலேயே தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அதன் 'குற்ற உணர்வு' முகத்துக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது, தப்பே செய்யாத நாய்க்கும் வந்தது. தும்பி மன்னிப்புக் கேட்கவில்லை. வீங்கிய முகத்தோடு, வேறு மாதிரி நடமாடிய என்னைப் பார்த்துப் பயந்து, 'ஒன்றும் செய்துவிடாதே' என்று கெஞ்சியிருக்கிறான்.

அடுத்து பணம் போன கதை. ஒரு நாய்ப் பயிற்சியாளரைப் பிடித்தேன். எட்டு வகுப்புக்கும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். நாய் என்பது ஓநாய்க் கூட்டத்திலிருந்து வந்தது, வீட்டில் யார் தலைவன் என்று அதற்குக் காட்ட வேண்டும் என்றார். காட்டும் முறை, தும்பியைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி, அவன் அடங்கும்வரை தரையோடு அழுத்திவைப்பது. இரண்டாவது வகுப்பில் அவன் அடங்கினான். அதாவது, கண் எங்கேயோ பார்க்க, உடம்பு விறைத்து, அப்படியே கிடந்தான். மூன்றாவது வகுப்புக்காக லீஷை எடுத்ததும் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அதோடு நிறுத்திவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அந்தத் 'தலைவன்' கதை கூண்டில் அடைத்துவைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே 1999இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே பதவிச் சண்டை அரிது என்று எழுதிவிட்டார். பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாய் தப்பாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலில் இழுப்பது, அழுத்துவது, தண்ணீர் அடிப்பது என்று எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் நாய்களின் நடத்தை தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். உண்மையில் முதலில் போயிருக்க வேண்டிய இடம் அது. அவர் பயிற்சியைப் பற்றியே பேசவில்லை. தும்பியைத் தரையில் நடக்கவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இடுப்பு, முதுகு, பல் என்று ஒவ்வொன்றாக, அவன் போக்கில் விட்டுப் பார்த்தார். இடது காதருகே கை போனதும் தும்பி நாக்கால் மூக்கை நக்கினான். "இங்க இருக்கு" என்றார். காதின் உள்ளே நாள்பட்ட தொற்று, சிவந்து வீங்கியிருந்தது. அந்த செல்ஃபியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் உங்க கன்னம் இருக்கு, பாருங்க" என்றார். இடது பக்கம். தினமும் ஐந்து நிமிடம், நான்கு மாதம், புண்ணான காதின் மேல் கன்னத்தை வைத்து அழுத்திக் கொஞ்சியிருக்கிறேன். அந்த அறையில் எனக்கு எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நல்லபடியாக இருந்த நாய் திடீரென்று தொட்டால் ஒதுங்குகிறது, உறுமுகிறது என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். காது, பல், மூட்டு, முதுகு. வலியை மறைப்பதில் நாய்கள் கில்லாடிகள்.

"அப்போ காது சரியானதும் கட்டிப்பிடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காது வெறும் சுமைதான் கூட்டியது, அணைப்பே அவனுக்குப் பிடிக்கவில்லை என்றார். நமக்கு அணைப்பு என்பது அன்பு, ஏனென்றால் நாம் குரங்கினத்தோடு சேர்ந்தவர்கள். நம் குழந்தை பிறந்ததிலிருந்து யாரையாவது பற்றிக்கொண்டே வளர்கிறது. நாய்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துப் பாசம் காட்டுவதில்லை. ஒரு நாய் இன்னொன்றின் தோளின் மேல் காலைத் தூக்கிப் போட்டால், அது விளையாட்டாக இருக்கலாம், ஏறப் பார்ப்பதாக இருக்கலாம், மடக்குவதாகவும் இருக்கலாம். பயந்தால் ஓடுவது நாயின் முதல் வழி. கழுத்தைச் சுற்றிக் கை வந்ததும் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அதோடு மேலிருந்து குனிகிற உடம்பு, மிக அருகில் ஒரு முகம், நேருக்கு நேர் முறைக்கிற கண். எல்லாம் ஒரே நேரத்தில். அவர் படிப்படியாகச் சொன்ன வரிசை கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஓர் ஏணி மாதிரி வரைந்தது: கண் சிமிட்டல், மூக்கை நக்கல், கொட்டாவி, அப்புறம் தலையைத் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், விலகி நடத்தல், காதைப் பின்னிழுத்துப் பதுங்குதல், விறைத்து நிற்றல், உறுமல், காற்றில் கடி, கடைசியில்தான் நிஜக் கடி. "கீழ்ப்படியிலருந்து சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கான்" என்றார்.

தையல் காயும்வரை பேச முடியாது, சிரிக்க முடியாது என்பதால் நிறையப் படித்தேன். ஸ்டான்லி கோரென் என்ற கனடா உளவியலாளர் 2016இல், மனிதர்கள் நாயை அணைத்திருக்கும் 250 படங்களை இணையத்திலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்தார். ஏறத்தாழ 82 சதவீதப் படங்களில் நாயிடம் சங்கடத்தின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. அது ஆய்விதழில் வந்த முறையான ஆராய்ச்சி இல்லை, அவர் தன் பத்தியில் எழுதிய கணக்குதான். ஆனால் அவையெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து மக்கள் போட்ட படங்கள். என் செல்ஃபி மாதிரி. உங்கள் போனில் இருக்கும் படங்களையும் ஒரு முறை எடுத்து, உங்கள் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

அதற்காக நாய்களுக்குத் தொடுவதே பிடிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்து, அவனைத் தொடாமலேயே இருந்தேன். பாவம், அதுவும் அவனுக்குப் புரியவில்லை. எரிக்கா ஃபொயர்பாக்கர், கிளைவ் வின் என்ற இருவர் செய்த ஆய்வில், ஒரு பக்கம் தடவிக்கொடுக்கும் ஆள், இன்னொரு பக்கம் வாயால் மட்டும் பாராட்டும் ஆள் என்று வைத்தபோது நாய்கள் தடவுபவரிடமே போயின. திரும்பத் திரும்பத் தடவினாலும் அலுக்கவில்லை. கண்ணைப் பார்ப்பதும் அப்படியே. ஜப்பானில் மிஹோ நாகசாவா குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தன்னை வளர்ப்பவரை நெடுநேரம் பார்த்த நாய்க்கும் அந்த மனிதருக்கும் பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை. நான் இதில் கவனித்தது, தும்பி தானாக வந்து, கண்ணைப் பாதி மூடிய மாதிரி தளர்வாகப் பார்ப்பது ஒன்று. நான் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணுக்குள் பார்ப்பது இன்னொன்று. முதலாவதை அவன் எனக்குக் கொடுக்கிறான், இரண்டாவதை நான் பிடுங்குகிறேன். தொடுவதிலும் கொஞ்சுவதிலும் யார் ஆரம்பித்தது, யாரால் நிறுத்த முடிகிறது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது.

மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது, ஆனால் பொறுமை இல்லாதவர்களுக்குச் சித்திரவதை. தரையில் உட்கார். நேராக இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார். கூப்பிடாதே, கையை நீட்டாதே. அவன் வந்தால், மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ தோளிலோ மூன்று எண்ணும்வரை தடவு. தலை மேல் கை வேண்டாம், மேலிருந்து இறங்குகிற கை அவனுக்கு மிரட்டல். மூன்று எண்ணியதும் கையை எடு. இன்னும் வேண்டும் என்றால் மூக்கால் முட்டுவான், சாய்வான், காலால் தட்டுவான். உதட்டை நக்கினாலோ, வேறு பக்கம் பார்த்தாலோ, சும்மா நின்றாலோகூட வேண்டாம் என்றுதான் அர்த்தம். 'சும்மா நிற்பது' சம்மதம் இல்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

முதல் ஒன்பது நாள் அவன் வரவே இல்லை. அறையின் எதிர்ச் சுவரோரம் படுத்துக்கொண்டு பார்ப்பான். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு, '20 நிமிடம், வரவில்லை' என்று எழுதுவேன். நான்காவது நாள் அழுதேன். ஏழாவது நாள் கோபம் வந்தது, "போடா, எனக்கென்ன" என்று எழுந்துவிட்டேன். பத்தாவது நாள் மாலை, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் கையை முகர்ந்தான், கால்விரல்களை முகர்ந்தான், சட்டையின் விளிம்பை நிதானமாக, பத்திரம் படிப்பது மாதிரி முகர்ந்தான். அப்புறம் திரும்பி, தன் பின்பக்கத்தை என் தொடையில் சாய்த்து, எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்துகொண்டான். அவமதிப்பு மாதிரிதான் தெரிந்தது. தன் முதுகை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பது நாயிடமிருந்து கிடைக்கிற பெரிய நம்பிக்கை என்று மருத்துவர் பிறகு சொன்னார். மூன்று எண்ணும்வரை தோளில் தடவிவிட்டுக் கையை எடுத்தேன். தலையை மட்டும் திருப்பி, 'ஏன் நிறுத்தினாய்' என்பது மாதிரி பார்த்தான்.

அந்த முகர்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்குள் வந்ததும் அவன் என்னை முகர ஆரம்பிப்பான். அதை முடிக்கவிடாமல் நான் பாய்ந்து கட்டிக்கொள்வேன். அவனுக்கு வரவேற்பே அதுதான் என்று தெரியவில்லை. கிரெகரி பெர்ன்ஸ் குழு நாய்களை மயக்கமருந்து இல்லாமல் ஸ்கேன் கருவியில் படுக்கப் பழக்கிச் செய்த ஆய்வு ஒன்றில், பழக்கமான மனிதரின் வாசனைக்குத்தான் மூளையில் நல்லதை எதிர்பார்க்கும் பகுதி அதிகம் துலங்கியது. இப்போது கதவைத் திறந்ததும் அப்படியே நிற்கிறேன். அவன் காலணி, பை, விரல் என்று முழுக் கணக்கையும் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்தான் ஆகிறது.

குரலிலும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். சலிப்போடு பல்லைக் கடித்துக்கொண்டு "செல்லம், இங்க வா" என்று கூப்பிடும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. புடாபெஸ்டில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் குழு 2016இல் காட்டியபடி, பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நாய் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி விழித்தது. ஒன்று மட்டும் வந்தால் இல்லை. வாலைப் பார்த்து ஏமாந்ததும் உண்டு. வால் ஆடினால் சந்தோஷம் என்று எல்லோரும் சொல்கிறோம். விறைப்பாக, உயரத் தூக்கி, வேகமாக ஆடும் வாலுக்கு அர்த்தமே வேறு. உடம்பு முழுக்கத் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து ஆடினால்தான் நான் இப்போது நம்புகிறேன். மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் அப்படித்தான்: வாய் திறந்து, உடம்பு நெளிந்தால் தடவச் சொல்கிறான், வாயை மூடி, வாலை ஒடுக்கி, விறைத்துக் கிடந்தால் விட்டுவிடச் சொல்கிறான்.

சில நாய்கள் அணைப்பை உண்மையிலேயே விரும்பும். அக்காவின் தோழி வீட்டு நாய் தானாக வந்து மடியில் ஏறி, தோளில் தலையைப் போட்டுக்கொள்கிறது. கையை எடுத்தால் முட்டுகிறது. அதனால் எல்லா நாய்க்கும் ஒரே சட்டம் எழுத நான் வரவில்லை. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் வளைந்துகொடுப்பதில்லை. குழந்தையின் முகம் நாயின் முகத்தின் உயரத்தில் இருக்கிறது, குழந்தை கட்டிப்பிடித்தால் சீக்கிரம் விடாது, பல்லைக் காட்டும் நாய் சிரிக்கிறது என்று சின்னக் குழந்தைகள் நினைத்துவிடுவதும் உண்டு. சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் பழகிய நாய்தான், வீட்டில்தான். அக்கா மகன் வந்தால் மூன்று சட்டம்: தும்பி மெத்தையில் இருந்தால் கிட்டே போகக் கூடாது, தூங்கினால் தூரத்திலிருந்து பெயர் சொல்லி எழுப்ப வேண்டும், தொட வேண்டும் என்றால் உட்கார்ந்துகொண்டு அவனாக வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது இதில் சேர்த்தி இல்லை, அது எப்போதும். "சித்தி, அவன் வரவே மாட்டேங்குறான்" என்று முதல் முறை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். எனக்கு ஒன்பது நாள் ஆச்சுடா என்றேன்.

இப்போது தும்பிக்குக் காது சரியாகிவிட்டது, மருந்து விடும்போது போடுகிற வாய்க்கூடைக்கும் தின்பண்டம் வைத்துப் பழக்கியிருக்கிறேன், அவனாகவே மூக்கை நுழைக்கிறான். எனக்குள் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் திடீரென்று தலையைத் தூக்கினால் என் கை தானாக உதட்டுக்குப் போகிறது. சில நாள் களைத்து வரும்போது, அப்படியே அவனை வாரிக் கட்டிக்கொள்ளத் தோன்றும். அன்றைக்குத் தலையணையைக் கட்டிக்கொள்கிறேன்.

நேற்று அப்படி ஒரு நாள். சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். வந்தான், விரலை முகர்ந்தான், இடுப்பைச் சாய்த்தான். மார்பில் தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் நின்று யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, தன் மெத்தைக்குப் போய், மூன்று முறை சுற்றிப் படுத்துக்கொண்டான். "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.